கரூர்த் திருமகளை வரைதல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது இவருடைய ரத்த அழுத்தம், சாப்பாடு, கழிப்பறை விவரம் மட்டும்தான். அதற்குப் பக்கத்துக்கு நாலு வரி போதும். மீதி இடம் சும்மா கிடக்கிறதே என்று என் புலம்பலையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். காது கொடுத்துக் கேட்க வேறு ஆளில்லை.

காலை 140/90. இட்லி இரண்டு, சாம்பாரில் பிசைந்து.

இன்று ஆடிப்பெருக்கு. தெருவே அமராவதி ஆற்றுக்குக் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு லோகநாயகி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போலாமுங்கல்ல?"

"இவரத் தனியா உட்டுட்டு எப்படிங்க வர்றது?"

பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு போனாள். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சித்திரையில் இவருக்கு மூளையில் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. காலேஜில் வரலாறு சொல்லிக்கொடுத்த மனுஷர், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இப்போது மிச்சமிருப்பது "சரி" என்ற ஒரே சொல். காபி வேணுமா? சரி. வேண்டாமா? சரி. ஒரு நாள் எரிச்சலில், "வீட்ட வித்துப்போட்டு காசிக்குப் போயிரலாமா?" என்று கேட்டேன். அதற்கும் சரி. அதனால் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை. நானே முடிவு செய்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

150/90. மதியம் ரசம் சாதம். மாலையில் பிஸ்கட் வேண்டாமென்று தட்டைத் தள்ளிவிட்டார். கையோ என்னவோ பட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஊட்டினேன்.

திருச்சியிலிருந்து ரெஜினா வந்திருந்தாள். இவரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள், இப்போது அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். இவருடைய புத்தகத்தை அவள்தான் அச்சுக்குத் தயார் செய்கிறாள். அமராவதி மணலில் கிடைத்த ரோமானியர்களின் வெண்கலக் காசுகளைப் பற்றியது. ஆற்று மணலைச் சலிக்கிறவர்களிடம் இவர் இருபத்தைந்து வருஷமாக வாங்கிச் சேர்த்தவை. தங்கக் காசு, வெள்ளிக் காசு என்றால் எல்லாரும் எழுதுவார்கள். இது சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சைப் பாசி பிடித்த சில்லறை. இதைச் சீந்துவாரில்லை என்பதாலேயே இவருக்குப் பிடித்தது.

எழுத்தெல்லாம் படுக்கையில் விழுவதற்கு முன்பே முடித்துவிட்டார். படங்கள்தான் பாக்கி. வரைவது நான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வேறு யார் வரைவார்கள்?

"கொஞ்சம்தான் டீச்சர் பாக்கி. முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா செப்டம்பர்ல வெளியிட்டுரலாம். அன்னிக்கே காசையெல்லாம் காலேஜ் மியூசியத்துக்கு ஒப்படைச்சிரலாம். சார் கண்ணு முன்னாடி நடந்துரணும்."

கண்ணு முன்னாடி என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. போகும்போது இவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம், "சார் நல்லாச் சாப்பிடறாரா?" என்றாள். நான் பதில் சொன்னேன். நாலு மாதமாக இப்படித்தான். எல்லாரும் இவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

140/80. வயிறு சரியில்லை, இரண்டு முறை துணி மாற்றினேன்.

இவர் தூங்கின பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு காசு வரைந்தேன். களிமண் உருண்டையில் காசைப் பதித்து, மேசை விளக்கைக் காசின் இடது மேல் மூலைப் பக்கம், நன்றாகத் தாழ்த்திச் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் தேய்ந்த மேடுகூட நிழல் விழுந்து கண்ணுக்குத் தெரியும். காசு வரைகிற எல்லாரும் வெளிச்சத்தை இடது மேலிருந்துதான் காட்டுவார்கள். படிக்கிறவர்களும் அதை நம்பித்தான் எது மேடு, எது பள்ளம் என்று கண்டுகொள்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து, மூன்று மடங்கு பெரிதாக்கி, நிழலைப் புள்ளி புள்ளியாக வைப்பேன். கழுத்து விட்டுப்போகிறது.

இன்றைய காசில் ஒரு சிப்பாய், குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்துகிறான். விழுந்தவன் கையைத் தூக்கிக் கெஞ்சுகிறான். கீரை வாங்குகிற சில்லறையில் இதையா போடுவார்கள்? முன்பக்கத்தில் ராஜா, தலையில் முத்துப் பட்டை கட்டிக்கொண்டு, இப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி கண்ணை விரித்து வைத்திருக்கிறார். எத்தனை ராஜாக்கள் வந்தாலும் அதே முழிதான்.

முன்பெல்லாம் படம் முடிந்ததும் இவர் காசையும் படத்தையும் பக்கத்தில் வைத்து அரை மணி பார்ப்பார். சரியாக இருந்தால் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன டிக். இல்லாவிட்டால் திரும்பவும் வரை என்பார். டிக் விழாத படத்தைக் கோப்பில் வைக்க விடமாட்டார். இப்போது நானே வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

130/80. பரவாயில்லை.

கடைசிக் காசுக்கு வந்தாயிற்று. அதுதான் திருமகள்.

இவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த காசு. முன்பக்கம் வழக்கம்போல ரோமானிய ராஜா. பின்பக்கத்தில் ஒரு பெண், தோளோடு சேர்த்துப் பிடித்த தாமரைத் தண்டு, காலடியில் துதிக்கையைத் தூக்கிய யானை. கரூரில் இருந்த யாரோ ஒரு அச்சு வெட்டுகிறவன் ரோமானியர்களின் காசைப் பார்த்துத் தானும் ஒன்று செய்தான், ராஜாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நம்ம தெய்வத்தை வைத்துவிட்டான் என்பது இவருடைய கட்சி. பதினெட்டு வருஷம் முன்பு போட்டோவோடு கட்டுரை வந்தது. அதிலிருந்து ஊரில் இவருக்குத் 'திருமகள் நல்லசிவம்' என்றே பெயர். மாநாட்டில் சால்வை, கோயில் மலரில் கட்டுரை. புத்தகத்துக்குப் பெயரே 'கரூர்த் திருமகள்'தான். அட்டையிலும் இந்தக் காசுதான்.

இத்தனை காசு வரைந்த என்னிடம் இதை மட்டும் இவர் கொடுத்ததே இல்லை. "அது கடைசில அம்மணி" என்பார். தனியாக ஒரு சுருக்குப் பையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார். ஏன் கடைசியில் என்று நானும் கேட்கவில்லை. பெரியவர் சாமி விஷயத்தில் நேரம் காலம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

150/100. என்னுடையதை யாரும் பார்க்கவில்லை. அதுவும் அவ்வளவு இருக்கும்.

விளக்கை இடது மேலே வைத்துக் காசைப் பார்த்தேன். தாமரையைக் காணோம்.

ஒரு வேளை அழுக்கு என்று மென்தூரிகையால் துடைத்தேன். விளக்கை இன்னும் தாழ்த்தினேன். தாமரைத் தண்டு என்பது ஒரு கம்பு. அதன் நுனியில் மொட்டு இல்லை, சட்டை மாட்டிய மாதிரி ஏதோ தொங்குகிறது. யானையின் வயிறு என்பது மேடே அல்ல, பாசி அரித்த பள்ளம். துதிக்கை என்பது துதிக்கை இல்லை.

இந்த ஜாதிக் காசு நான் ஏற்கெனவே பல வரைந்திருக்கிறேன். புத்தகத்தில் இவரே எழுதியிருக்கிறார்: வெற்றி தேவதை, தோளில் எதிரியின் கவசத்தை மாட்டிய கம்பம், இன்னொரு கையால் ஒரு கைதியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போகிறாள் என்று. அதேதான். இதில் சிறகு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மண்டியிட்டிருப்பது மனிதன். மேலே போவது அவனுடைய முடி.

அவளுக்கு வெற்றி என்று பெயராம். எனக்கென்னவோ தோளில் ஒரு மூட்டையும் கையில் ஒரு ஆளுமாக, ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவள் மாதிரித்தான் தெரிகிறது. ராஜாக்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இவள் மட்டும் காசுக்குக் காசு இழுத்துக்கொண்டே போகிறாள். ஒருத்தரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

140/90. திரும்பப் பார்த்தேன். மனிதன்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பி.பி. பார்க்க மறந்துவிட்டேன்.

பழைய கட்டுரையை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். பிறகு விளக்கைக் கொண்டுபோய் வலது பக்கம் கீழே வைத்துப் பார்த்தேன். மளமளவென்று தாமரை பூத்தது, யானை எழுந்து நின்றது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் கண்ணுக்குப் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. ஸ்டுடியோக்காரர் தனக்கு எந்தப் பக்கம் விளக்கு வசதியோ அந்தப் பக்கம் வைத்திருக்கிறார். இவர் காசைவிட்டுப் படத்தை நம்பிவிட்டார்.

ஆக பதினெட்டு வருஷ சால்வையும் ஒரு விளக்கு தப்பான பக்கம் இருந்ததால் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் இனி மிச்சமிருப்பது அந்த ஒரு காசுதான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

ஆகஸ்ட் 16, சனி

140/90. பால், ஓட்ஸ்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிற யுவராணி வெங்கமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். சின்னப் பெண், வாய் ஓயாது. கையை மடக்கி நீட்டிக்கொண்டே இவரிடம் ஊர் நியாயமெல்லாம் பேசுகிறாள். இவரும் "சரி", "சரி" என்கிறார்.

"அவருக்கு ஒண்ணும் புரியாது கண்ணு, நீ பாட்டுக்குப் பேசறே" என்றேன்.

"யாருங்க சொன்னது? சாருக்கு அத்தனையும் புரியுதுங்க டீச்சர். வார்த்தைதான் வர மாட்டேங்குது. நீங்க எடது கையில பென்சிலக் குடுத்துப் பாருங்க. எழுதிப் பழகட்டும்."

"பேப்பர்தான் வீணாப் போகும்."

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

150/90.

ரெஜினாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு டீச்சர்" என்றாள். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் பல வருஷம் முன்பு இவருக்கு எழுதிக் கேட்டாராம், வெளிச்சத்தை மாற்றி இன்னொரு போட்டோ அனுப்ப முடியுமா என்று. இவர் பதிலே போடவில்லையாம்.

"ஒனக்குத் தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தே?"

"சார்கிட்ட யார் கேக்கறது? இப்ப இந்த நெலமையில சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க. அட்டை டிசைன் முடிஞ்சிருச்சு. போட்டோல இருக்கற மாதிரியே வரைஞ்சிருங்க டீச்சர். அவர் இருக்கற வரைக்கும் அது திருமகளாவே இருந்துட்டுப் போகட்டும். பின்னாடி யாராவது கண்டுபுடிச்சா எழுதிக்கட்டும்."

"நான் கண்ணுல படாதத வரைஞ்சதில்ல, ரெஜினா."

"எனக்குத் தெரியும். சாருக்காகத்தான் கேக்கறேன்."

அவள் அழுதாள். அவளுடைய ஆராய்ச்சியிலும் இந்தக் காசுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதற்காக அழவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால் இவர் விழித்துத்தான் இருந்தார். கதவும் திறந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

140/90.

வரைந்துவிட்டேன். விளக்கை வலது பக்கம் கீழே வைத்துக்கொண்டு, பொய்யை எவ்வளவு அழகாக வரைய முடியுமோ அவ்வளவு அழகாக வரைந்தேன். தாமரைக்கு இதழ் வைத்தேன். யானைக்கு ஒரு காதும் வைத்தேன், அது போட்டோவில்கூட இல்லை. புள்ளி வைக்கும்போது கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிடவே மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கத்திவிட்டேன். பிறகு நானும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளைக்குப் படங்களையெல்லாம் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். காலையில் இவரைத் துடைத்து, சட்டை மாற்றி, மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். யுவராணி சொன்னதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. இவர் அந்தப் படத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டால் அதையே டிக் என்று வைத்துக்கொள்ளலாம், பாரம் என் தலையில் இருக்காது. அவ்வளவு சின்னப் புத்தி எனக்கு.

"ஏனுங்க, திருமகள் முடிஞ்சுது. பாருங்க" என்று படத்தை வைத்து, இடது கையில் பென்சிலைச் செருகினேன். இவர் வழக்கம் தெரியுமே என்று காசையும் களிமண்ணோடு பக்கத்தில் வைத்தேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். போச்சு, பிடிக்க முடியவில்லை என்று நான் குனிந்து எடுப்பதற்குள் இடது கை நீண்டு விளக்கின் கழுத்தைப் பிடித்தது. நான் வலது பக்கம் கீழே வைத்திருந்த விளக்கு அப்படியே இருந்தது. அதை இழுத்தார். மேசையில் உரசிக்கொண்டு வந்தது. டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் கொட்டியது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை. இடது பக்கம் மேலே கொண்டுபோய், தாழ்த்தி, சாய்த்து வைத்தார். இத்தனை வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே இடம்.

பிறகு கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன்.

முதலில் யானையின் காதை அடித்தார். அப்புறம் தாமரை இதழை. கோடு நேராக வரவில்லை, பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தினார். கடைசியில் அந்தப் பெண்ணின் கையில் பென்சிலை வைத்து, கீழே இருக்கிறவனின் தலை வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். கோணல் மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற மாதிரி. ஆனால் சரியான இடத்தில் ஆரம்பித்துச் சரியான இடத்தில் முடிந்தது. முடி. அதைப் பிடித்திருக்கிற விரல்கள்கூட எனக்குத் தெரிந்தன.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"எத்தன வருசமாத் தெரியுமுங்க? தெரிஞ்சுக்கிட்டேதான் பையில போட்டுப் பூட்டி வெச்சிருந்தீங்களா?"

"சரி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. வாயின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

எனக்கும் அடக்க முடியவில்லை. தன் பேரையே தன் கையால் அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷரை நான் நாலு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன்? வேண்டாமென்று தட்டைத் தள்ளியபோது வாயில் திணித்தேன். அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசினேன். புரியாது என்று ஊருக்கெல்லாம் நானே சொன்னேன். "என்ன மன்னிச்சிருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உருவிக்கொண்டு படத்தைக் காட்டினார். திரும்பவும் வரைய வேண்டுமாம்.

புதுத் தாளில் வரைந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டோம். கம்பு, கம்பில் மாட்டிய கவசம், தேய்ந்த சிறகு, மண்டியிட்ட ஆள். பக்கத்தில் அழகாக இருந்த யானையைவிட இது பார்க்கக் கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் காசில் இருப்பது இதுதான்.

ரெஜினாவைக் கூப்பிட்டேன்.

"திருமகள் இல்ல ரெஜினா. படம் மாத்தி அனுப்பறேன். அட்டையும் மாத்தணும். புஸ்தகத்துப் பேரையும் மாத்தணும். முன்னுரையில ஏன்னு எழுதணும்."

"என்ன டீச்சர் இது, நம்ம பேசுனது என்ன? இப்பப் போய் யார் சொல்றா இதெல்லாம்?"

"புஸ்தகம் எழுதுனவரு சொல்றாரு."

நடந்ததைச் சொன்னேன், விளக்கை இழுத்தது, தண்ணீர் கொட்டியது, கோடு போட்டது எல்லாம். முடித்ததும் மெதுவாக, "சார்கிட்ட போனைக் குடுங்க டீச்சர்" என்றாள்.

சித்திரையிலிருந்து எத்தனையோ பேர் போன் செய்திருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. போனை இவருடைய இடது கையில் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். ரெஜினா என்னவோ பேசிக்கொண்டே போனாள், நடுவில் இவர் தலையை ஆட்டினார், ஒரு இடத்தில் இல்லை என்பது போலக் கையை அசைத்தார், அது போனில் தெரியாது என்ற நினைவுகூட இல்லாமல்.

என்ன பேசினார்கள் என்று நான் நின்று கேட்கவில்லை. அது ஆசிரியருக்கும் மாணவிக்கும் நடுவில் உள்ள விஷயம். கொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, உளுந்து ஊறப் போடப் போனேன்.